படத்தைப் பாரு, செய்யி

தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது. குழாயை மூடிவிட்டாளா, இல்லை குழாய்க்கு நேரே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நிற்கிறாளா என்று தெரியாமல் சண்முகவடிவு காதைக் குளியலறைக் கதவோடு சேர்த்து வைத்தாள். பிளாஸ்டிக் கதவு கன்னத்தில் ஜில்லென்று பட்டது. ரஞ்சிக்குத் தண்ணீரைக் கையில் வாங்குவது பிடிக்கும். விட்டால் மாடித் தொட்டி காலியாகிற வரைக்கும் வாங்கிக்கொண்டே நிற்பாள், பதினைந்து வயதுப் பெண், வாயைத் திறந்து சிரித்தபடி. ஏட்டி, தண்ணிய அடை என்று நாக்கு நுனிவரை வந்ததை வடிவு விழுங்கினாள். பேசக் கூடாது. ஹெப்சி மிஸ் போன வாரம் வீட்டுக்கு வந்து இதே இடத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது அதுதான். "கதவுக்கு வெளிய நில்லுங்கம்மா. தட்டாதீங்க, கூப்பிடாதீங்க. நீங்க பேசுனா அவ உங்க குரலக் கேட்டுத்தான் செய்வா. படத்தப் பாக்க மாட்டா. உங்க குரல் எத்தன வருசத்துக்கு இருக்கும்?" அதைச் சொல்லிவிட்டு ஹெப்சி மிஸ்ஸே உதட்டைக் கடித்துக்கொண்டது. சின்னப் பெண், இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சென்டரில் வேலை. அது வாய்தவறிச் சொன்னதில்லை என்று வடிவுக்குத் தெரியும். உள்ளே மக் ஒன்று தரையில் உருண்டது. அப்பாடா, நகர்கிறாள். உள்ளே சுவரில், அவள் கண்ணுக்கு நேர் உயரத்தில், ஹெப்சி மிஸ் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய படங்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய ஜட்டியைக் கழற்றுவது, பேடைத் தாளில் சுற்றுவது, கழுவுவது, புது ஜட்டி, புது பேடு, கடைசியில் கையில் சோப்பு. படத்தைப் பாரு, செய்யி. அடுத்த படம். படத்தைப் பாரு, செய்யி. எத்தனை மாதமாக இந்த மூணு வார்த்தை இந்த வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வருகிறது என்று நினைத்தால் வடிவுக்குத் தலையைச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

இன்றைக்குச் செய்துவிட வேண்டும். இன்றைக்கு மட்டும், பிள்ளையாரப்பா, இந்த ஒருதடவை மட்டும். நயினார் சட்டையை மாட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "இன்னைக்கு அவளாச் செஞ்சுட்டான்னா இந்தப் பேச்ச நான் விட்டுருதேன். செய்யலன்னா நீ குறுக்க நிக்கப்பிடாது வடிவு. நானும் மனுசன்தான்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. அந்தப் பேச்சை முதலில் எடுத்தது அவருடைய அக்கா பகவதி மைனி. இதே ஹாலில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏதோ பல் பிடுங்குகிற விஷயம் மாதிரிச் சொன்னாள்: "கர்ப்பப்பைய எடுத்துட்டா என்ன? எனக்கு எடுத்தாச்சு, நான் நல்லாத்தான இருக்கேன். அவளுக்கு அது எதுக்கு? கல்யாணமா, காட்சியா? மாசாமாசம் நீ கெடந்து சாவுத. எனக்குத் தெரிஞ்ச டாக்டரு ஒருத்தரு செய்துருவாரு, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது." வடிவு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்படியில் நின்று அழுதாளா? இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அழவில்லை. பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, மாசாமாசம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப்பார்த்தாள். மெத்தை விரிப்பு இல்லை, ஸ்கூல் வேனில் ஆயாவின் முகச்சுளிப்பு இல்லை, சோபா உறையை விடிகாலையில் அலசுவது இல்லை, எங்கே எதை அவிழ்த்துப் போட்டாளோ என்று வீடெல்லாம் முகர்ந்துகொண்டு அலைவது இல்லை. அந்த ஒரு நிமிஷம் உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. அப்படி லேசானதற்காகத்தான் அவள் அப்புறம் அத்தனை ஆவேசமாக எதிர்த்தாள். அதையும் யாரிடமும் சொல்ல முடியாது.

ஹெப்சி மிஸ்ஸிடம் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. "அது அவ உடம்பும்மா. அவகிட்டக் கேக்காம எப்படி?" வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கெட்ட சிரிப்பு. கேட்கலாமே. அன்று மத்தியானம் கேட்கவும் செய்தாள். ரஞ்சி கட்டிலில் சம்மணம்போட்டுத் துப்பட்டாவின் ஓரத்து நூலை உருவிக்கொண்டிருந்தாள். "ரஞ்சி, வயித்துல ஆப்பரேசன் வேணுமா, வேண்டாமா?" "வேண்டாமா," என்றாள் ரஞ்சி. வடிவு கொஞ்சம் பொறுத்து, "ஆப்பரேசன் வேண்டாமா, வேணுமா?" என்றாள். "வேணுமா," என்றாள் ரஞ்சி, அதே முகத்தோடு, அதே ராகத்தோடு. கடைசியில் விழுகிற வார்த்தைதான் அவள் வார்த்தை. எந்த வார்த்தையைக் கடைசியில் வைப்பது என்பதுதான் கேள்வி, அதை வைக்கிறது வடிவு. பசிக்கா என்று கேட்டால் பசிக்கா, வலிக்கா என்றால் வலிக்கா. உண்மையிலேயே வலிக்கிறபோது ஒன்றும் சொல்ல மாட்டாள், சுவரில் போய் நெற்றியை முட்டுவாள். அந்த முட்டு மட்டும்தான் அவளாகச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றி நயினாரிடம் பேசியிருக்கிறார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

உள்ளே இப்போது ஒரு சத்தமும் இல்லை. பிளாஸ்டிக் கவர் பிரிபடுகிற சரசரப்பு கேட்டதா? கேட்ட மாதிரி இருந்தது. அடுப்படியில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தமாகவும் இருக்கலாம். கவரைப் பிரித்துவிட்டாள் என்றால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. வடிவு புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கையைத் துடைத்தாள். கையில் ஈரமே இல்லை. ரஞ்சிக்கு முதல்தடவை வந்தது வடிவின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், வெள்ளைக் கவுனில். வடிவு பந்தியில் இருந்தாள். யாரோ கையைப் பிடித்து எழுப்பினார்கள். ரஞ்சி புது வீட்டுச் சாமி அறை வாசலில் நின்று கவுனைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "பிளாஸ்திரி, பிளாஸ்திரி" என்று கத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் என்றால் பிளாஸ்திரி. அதுவும் இவள் சொல்லிக்கொடுத்ததுதான். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், ஒருத்தியும் கிட்டே வரவில்லை. சாமி அறைக்குப் பரிகாரம் என்ன என்று ஐயரிடம் கேட்கிற குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. சடங்கு வைக்கவில்லை. நயினாரின் தங்கை மகளுக்கு அதே வருஷம் மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் தட்டுகள் தெருவையே அடைத்துப் போயின. ரஞ்சிக்கு வடிவே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தம்பி கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன பட்டுப்பாவாடையைக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவில் ரஞ்சி அழகாக இருந்தாள். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அழகாக இருப்பதுதான் வடிவுக்குப் பயம்.

மைனி அதையும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. "காலம் கெட்டுக் கெடக்கு. நாளைக்கு எவனாவது... வயித்துல வந்து நின்னுச்சுன்னா என்ன பண்ணுவ?" அன்றிலிருந்து வடிவின் மனசு அந்த இடத்துக்கு வந்துவந்து இடறுகிறது. கர்ப்பப்பை இல்லை என்றால் வயிற்றில் நிற்காது, சரி. ஆனால் அந்தக் கை? கை வைக்க வருகிறவன் கையை அது எப்படித் தடுக்கும்? நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். ரஞ்சியும் சொல்ல மாட்டாள், உடம்பும் சொல்லாது. அப்படியானால் இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், நடந்துவிடும் என்றா, தெரிந்துவிடும் என்றா? இதை மைனியிடம் கேட்டிருக்க வேண்டும். நயினாரிடம் கேட்டிருக்க வேண்டும். குளித்துக்கொண்டிருக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் மனசுக்குள் எடுப்பாகக் கேட்டுவிடுகிறாள். ஆட்கள் எதிரில் வந்தால் காப்பி போட எழுந்து போய்விடுகிறாள். அதோடு, அவர்கள் திருப்பிக் கேட்பது ஒன்று இருக்கிறது. உனக்கப்புறம் யாரு? அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி. ரஞ்சிக்கு அப்புறம் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று பயந்து நிறுத்திக்கொண்டார்கள். இவளுக்கு நாற்பத்தாறு. இவளுக்கு மாதம் தவறித் தவறி வர ஆரம்பித்துவிட்டது. இவள் உடம்பை விட்டுப் போவது அங்கே மகள் உடம்பில் வந்து உட்காருகிறது, அதைத் துடைக்கவும் இவளேதான் வேண்டியிருக்கிறது. பெரிய பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்றுக்கு ரஞ்சியையும் கூட்டிப்போய் விசாரித்தபோது அங்கே இருந்த அம்மா நல்லபடியாகத்தான் பேசினார், காப்பிகூடக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது, "பொம்பளைப் பிள்ளைன்னா ஆப்பரேசன் பண்ணிட்டுக் கூட்டிட்டு வந்திருங்கம்மா, எங்களால பாக்க முடியாது," என்றார். காப்பி குடித்த வாய் கசந்துபோயிற்று. வெளியே வந்தபோது முற்றத்தில் தலையை மொட்டையடித்த பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ரஞ்சியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ரஞ்சியும் ஆட்டினாள்.

குடும்பமே சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று சென்டரில் சொன்னார்கள். பிள்ளை மட்டும் மாறாதும்மா, வீடு முதல்ல மாறணும். நயினாரும் வந்து உட்கார்ந்து தலையை ஆட்டினார். ஹெப்சி மிஸ் பலகையில் வரைந்து காட்டியது: அவ கத்துறப்ப போனக் குடுத்தா, கத்துனாப் போன் கெடைக்கும்னு அவ கத்துக்கிடுவா. "நல்லாத்தான் சொல்லுதா," என்று காரில் வரும்போது நயினார் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே ரஞ்சி போனுக்காகக் கத்தினாள். தரையில் உருண்டாள், தன் மணிக்கட்டைக் கடித்தாள். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தபடி முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். நயினார் வந்து போனை ரஞ்சியின் கையில் வைத்துவிட்டு, "பெத்த பிள்ளையக் கத்தவிட்டு வேடிக்க பாக்கியா? நீயெல்லாம்..." என்று பாதியில் நிறுத்தினார். நீயெல்லாம் என்ன? அந்தப் பாதி வாக்கியத்தை அவள் தன்னாலேயே எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டாள். ரஞ்சி அப்பா மடியில் தலையை வைத்துக்கொண்டு போனில் அதே பாட்டை அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அப்பா மடிதான் அவளுக்கு வீடு. அம்மா சொல்லிக்கொடுக்கிறவள், அம்மா மாட்டேன் என்கிறவள். நயினாருக்குப் பாசம் இல்லையா என்றால் உயிரே அவள்தான். அந்த உயிருக்கு வருகிற ரத்தத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில் கடையிலேயே சாப்பாட்டை வரவழைத்துக்கொள்கிறார்.

எவ்வளவு நேரம் ஆகிறது? கடிகாரத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. கால் மரத்துப்போயிருந்தது. ஹெப்சி மிஸ் இந்த மாதத்தோடு போகிறது, கல்யாணம் நிச்சயமாகி ஓசூர்ப் பக்கம். நேற்று போனில் சொன்னது. "வேற ஒரு மிஸ் வருவாங்கம்மா, நான் எல்லாம் சொல்லிட்டுத்தான் போவேன்." வடிவு சந்தோஷம் மிஸ் என்றாள். சந்தோஷமாக இரு என்றாள். போனை வைத்த பிறகு, இதற்கு முன்னால் வந்து போன மிஸ்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள்; பாதிப் பெயர் ஞாபகம் இல்லை. ஒவ்வொருத்தியும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள், ஒவ்வொன்றும் ஒருநாள் மறந்துபோயிற்று. ஷூ லேஸ் கட்டுவாள் ரஞ்சி, ஒரு காலத்தில். தன் பெயரை எழுதுவாள், ஒரு காலத்தில். காய்ச்சல் வந்து படுத்து எழுந்தாள், எழுத்து போய்விட்டது. மேட்டில் உருட்டிக்கொண்டு போன கல் கை வழுக்கிக் கீழே ஓடுகிற மாதிரி. கீழே போய் மறுபடியும்... அப்போதுதான் தாழ்ப்பாள் இல்லாத கதவு உள்ளிருந்து இழுபட்டது. வடிவு எழுந்திருக்க முயன்று, கால் நிற்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரஞ்சி வாசலில் நின்றாள். அதே நைட்டி. முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பை வடிவு எப்போது கடைசியாகப் பார்த்தாள்?

"ஆச்சு," என்றாள் ரஞ்சி. யாரும் கேட்காமல், அவளாக. "ஆச்சு. ஆச்சு."

வடிவு அவளைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சுத்தமாக இருந்தது, தரைகூடக் கழுவி விட்டிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தாள். புது பேடு, உறை பிரிக்கப்பட்டு, பசை காகிதம் ஒழுங்காக உரிக்கப்பட்டு, சுவர் டைலில் பேடு படத்துக்கு நேர் கீழே கோணல் இல்லாமல் ஒட்டியிருந்தது. ஜட்டிப் படத்துக்குக் கீழே புது ஜட்டி, குழாய்த் திருகில் தொங்கிற்று. சுற்றுவதற்கு வைத்திருந்த தாள் மடிக்கப்பட்டுத் தாள் படத்தின் உறைக்குள் செருகப்பட்டிருந்தது. சோப்புப் படத்தின் மேல் சோப்பு, ஈரத்தில் வழுக்காமல் நிற்கும்படி அழுத்தி அழுத்தி வைத்து, அதுவும் நின்றது. ஒன்றைக்கூட மாற்றி வைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லா மிஸ்களும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே: ஆப்பிள் படத்துக்குப் பக்கத்தில் ஆப்பிள் வை, பந்துப் படத்துக்குப் பக்கத்தில் பந்து வை. வைத்துவிட்டாள். வடிவு மெதுவாகத் திரும்பி மகளின் நைட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லை. தெரிந்ததுதான், கறை பரவியிருந்தது.

"சூப்பர் சொல்லு," என்றாள் ரஞ்சி. தானே கையைத் தட்டினாள். "சூப்பர் சொல்லு."

"சூப்பர்," என்றாள் வடிவு. தானும் கையைத் தட்டினாள். "சூப்பர், கண்ணு."

ஹாலில் போன் அடித்தது. நயினார். பின்னணியில் பெயிண்ட் கலக்குகிற மிஷின் ஓடுகிற சத்தம்.

"என்ன, முடிஞ்சுதா?"

"ம்."

"அவளாச் செஞ்சாளா?"

வடிவு மகளைப் பார்த்தாள். ரஞ்சி இன்னும் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"செஞ்சுட்டா."

"நெசமாவா? முழுசாவா?"

"முழுசா. ஒண்ணுகூட விடாம."

மிஷின் சத்தத்துக்கு மேலே நயினாரின் குரல் உடைந்து வந்தது. "எம் பிள்ள செஞ்சுட்டாளா? ஏ வடிவு... எம் பிள்ள..." அவர் யாரிடமோ திரும்பி, அக்கா, அவளாவே செஞ்சுட்டாளாம் என்று சொல்வது கேட்டது. மைனி கடையில்தான் இருக்கிறாள். அவள் என்னவோ சொன்னாள். அவர் என்னவோ கேட்டார். வடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பொய் சொல்லியாயிற்று. அடுத்த மாதம் என்ன செய்வது, அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பார்ப்போம், இந்த ஒரு மாதம் கிடைத்தால் போதும்.

"வடிவு, அக்கா என்ன சொல்லுதான்னா," நயினாரின் குரலில் இன்னும் சந்தோஷம் வடியவில்லை, "இவ்வளவு சொன்ன பேச்சுக் கேக்குத பிள்ள, ஸ்கேன் எடுக்கும்போதும் பேசாமப் படுத்துக்கிடும். டாக்டரு திங்கக்கிழம வரச் சொல்லிருக்காராம். சும்மா ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

"விட்டுருதேன்னு சொன்னிய."

"விட்டாச்சு, இப்ப யாரு இல்லங்கா? ஸ்கேன்தான. பாத்து வச்சுக்கிடுவோமே. நல்லா இருக்கும்போதே பாத்துக்கிட்டாத்தான நல்லது?"

செய்யவில்லை என்று சொல்லியிருந்தாலும் திங்கட்கிழமை. செய்தாள் என்று சொன்னாலும் திங்கட்கிழமை. இப்போது வாயைத் திறந்து, இல்லை, அவள் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள் என்றாலும் அதே திங்கட்கிழமைதான். வடிவுக்கு ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. வெங்காயம் உரிக்கும்போது வந்ததில் ஒன்றுகூட.

"வடிவு? கேக்கியா?"

"கேக்கேன்."

"காலைலயே கெளம்பிருவோம், என்ன?"

"சரி," என்றாள்.

போனை டிவி மேல் வைத்துவிட்டு வந்தாள். ரஞ்சியை உள்ளே கூட்டிப்போய், குழாயைத் திறந்து, வெந்நீர் கொஞ்சம் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே குத்தவைத்து உட்கார்ந்தாள். "கால எடு," என்றாள். பேசலாம் இப்போது, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ரஞ்சி ஒரு காலைத் தூக்கினாள், தடுமாறினாள், விழாமல் இருக்க அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பெண்ணின் கை, கனமாக இருந்தது. வடிவு தலையை அசைக்காமல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மக்கில் தண்ணீர் மோந்து மோந்து அவள் பாதத்தில் ஊற்றினாள்.